சிறுவன் ஒட்டிய காரைப் பிரித்துக் கட்டுவது

அமெரிக்காவில் 1960-களில் பள்ளிக்கூடப் பையன்கள் ஒட்டிச் செய்த பிளாஸ்டிக் கார்களை இன்றைய மாடல்காரர்கள் 'குளூ பாம்' என்பார்கள். குழாயிலிருந்து பிதுக்கிய பசை கண்ணாடியில் வழிந்திருக்கும். பிரஷ்ஷால் பூசிய பெயின்ட் தடித்துப் போயிருக்கும். ஒரு பம்பரையும் இரண்டு சக்கரங்களையும் காணோம், கூரைத் தூண் ஒடிந்திருக்கிறது. இப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் புதுக் கிட் வாங்கிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். பல கார்களுக்குப் புதுக் கிட் கிடையாது என்பதுதான் பதில்.

காரணம் அச்சில் இருக்கிறது. வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் டெட்ராய்ட்டில் 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம், கார் ஷோரூம்களில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் மாதிரிக் கார்களைத்தான் முதலில் செய்தது. அலுமினியத்தில் வார்த்த ஃபோர்டு அதன் முதல் சரக்கு. பெயரின் விரிவே 'அலுமினியம் மாடல் டாய்ஸ்'. சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறி, 1958-இல் அந்த மாதிரிகளைப் பையன்கள் தாங்களே ஒட்டிச் செய்யும் கிட்டுகளாக விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியில் இருக்கும் பாகங்களைக் கொண்டு ஷோரூம் காராகவோ, அலங்காரக் காராகவோ, பந்தயக் காராகவோ கட்டிக்கொள்ளலாம். அளவு 1/25. ஐந்தே கால் மீட்டரைத் தாண்டும் 1963 ஃபோர்டு கேலக்ஸி இதில் இருபத்தொரு சென்டிமீட்டர் சொச்சமாக நிற்கும். நிஜக் காரின் கிரில்லும் பின்விளக்கும் ஆண்டுதோறும் மாறியதால் கிட்டும் ஆண்டுதோறும் மாறியது. ஒவ்வொரு முறையும் புது எஃகு அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. ஆகவே பழைய அச்சையே வெட்டித் திருத்தி அடுத்த ஆண்டு மாடலுக்கு ஓட்டினார்கள். வெட்டிய அச்சில் போன வருடத்துக் கார் திரும்ப வராது. பையன்கள் அன்று ஒட்டியதும், ஒட்டாமல் பரணில் போட்டதும்தான் மிச்சம். ஒட்டாததன் விலை நமக்கு எட்டாது. ஒட்டியதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கையில் எடுத்ததும் முதலில் பிளாஸ்டிக் எது என்று பார்க்க வேண்டும். 1950-களின் ஷோரூம் மாதிரிகள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட். அது காலப்போக்கில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். கூரை நடுவில் தொய்ந்தோ, பானட் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டோ இருந்து, மூக்கருகே கொண்டுபோனால் லேசாக வினிகர் வாடையும் அடித்தால் சந்தேகமே வேண்டாம். அதை நிமிர்த்த நினைப்பது வீண் வேலை. துடைத்து அப்படியே அலமாரியில் வைத்துவிடுவேன். நாம் தேடுவது பாலிஸ்டைரின். கிட்டுகளில் வந்தது பெரும்பாலும் அதுதான், இனி சொல்வதெல்லாம் அதற்குத்தான் பொருந்தும்.

பிரிப்பதற்கு முன் எல்லாக் கோணத்திலிருந்தும் படம் எடுத்து வைப்பது நல்லது. அப்புறம் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஏ.எம்.டி.யின் பழைய கார்கள் பலவற்றில் சேஸிஸ் உடலோடு திருகாணியால்தான் பிணைந்திருக்கும். அச்சாணிகளும் இரும்புக் கம்பிகளே. முன் அச்சாணி எஞ்சினைத் துளைத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் நிஜ மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். சக்கரம் உருள வேண்டும் என்பதுதான் அன்றைய பையனின் முதல் கோரிக்கை, கம்பெனிக்கும் அது தெரியும். திருகாணிகளைக் கழற்றினாலே பாதிக் கார் கையோடு வந்துவிடும்.

ஒட்டிய இடங்களில்தான் பொறுமை தேவை. பழைய குழாய்ப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று பிணைக்கும் சரக்கு. ஆனால் பையன்கள் அளவுக்கு மேல் பிதுக்கியதால் பல இடங்களில் அது பிணையாமல் பாறையாக இறுகி இடையில் நிற்கும். நமக்கு அதுவே வசதி. காரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்தால் பசை நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். காலையில் எடுத்து, மூட்டில் மெல்லிய கத்தியைக் கொடுத்து மெதுவாகத் திருகினால் 'டக்' என்று விடும். விடவில்லையென்றால் மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்ப வேண்டுமே தவிர, பலத்தைக் காட்டக் கூடாது. குளிரில் பிளாஸ்டிக்கும் விறைத்துத்தான் இருக்கும், பசைக்கு முன்னால் கண்ணாடித் தூண் ஒடிந்துவிடும். உண்மையாகவே கரைந்து ஒன்றாகிவிட்ட மூட்டை ரம்பப் பல் கொண்ட சன்னமான பிளேடால் அறுத்துத்தான் பிரிக்க முடியும்.

பெயின்ட்டைக் கழற்றுவதில் ஆளுக்கொரு கட்சி. பிரேக் ஆயிலில் ஊறவைப்பது பழைய வழி. காஸ்டிக் சோடா கலந்த அடுப்புத் துப்புரவுத் திரவம் இன்னொன்று. அடர்ந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் மூன்றாவது. அக்ரிலிக் பெயின்ட்டை இது சுலபமாக எடுக்கும், எனாமலிடம் சில சமயம் தோற்கும். என் கை முதலில் போவது ஆல்கஹாலுக்குத்தான். வேலை மெதுவாக நடந்தாலும் பிளாஸ்டிக்குக்கு ஆபத்து குறைவு. அசையாத எனாமலுக்குக் காஸ்டிக், அதுவும் ரப்பர் கையுறையோடும் கண்ணுக்குக் கவசத்தோடும். எதில் போட்டாலும் முதலில் உடலின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து அரைமணி பார்க்க வேண்டும். கண்ணாடிப் பாகங்களை இவற்றில் போடவே கூடாது, நுண்விரிசல் ஓடிவிடும். தின்னர், அசிட்டோன் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. பெயின்ட்டோடு காரும் கரைந்துவிடும். ஊறியதைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால், ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய பிளாஸ்டிக்கின் நிறம் தெரியும்.

அந்தப் பையன் என்னவெல்லாம் செய்திருக்கிறான் என்பதும் அப்போதுதான் தெரியும். அலங்காரக் கார் செய்யும் ஆசையில் சக்கர வளைவை அகலமாக வெட்டியிருப்பான், பானட்டில் ஓட்டை போட்டிருப்பான், கதவுக் கைப்பிடிகளை அரத்தால் ராவியிருப்பான். சில சமயம் அந்த வேலை உண்மையிலேயே நேர்த்தியாக இருக்கும். அப்படியென்றால் அதை மாற்ற எனக்கு மனம் வராது. அறுபதுகளின் அலங்காரக் காராகவே முடித்துவிடுவேன். எல்லாவற்றையும் ஷோரூம் நிலைக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் பல நல்ல பழைய வேலைகளை அழித்திருக்கிறது.

வெட்டிய வளைவைத் திரும்பக் கட்ட ஸ்டைரின் தகடு வேண்டும். தகட்டைச் சற்றுப் பெரிதாக வெட்டிப் பின்னாலிருந்து ஒட்டி, காய்ந்தபின் ராவி வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். சின்ன ஓட்டைகளுக்குச் சூப்பர் குளூவும் சமையல் சோடாவும் போதும், நொடியில் கல்லாகிவிடும். மற்றபடி டிங்கரிங் கடையில் செய்வதுபோலவே பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரில் தேய்த்து, பிரைமர் அடித்துப் பார்த்து, தெரிகிற பள்ளத்துக்கு மறுபடி பட்டி. இதோடு இன்னொன்று: கார் உடலை வார்க்கும் அச்சு பல துண்டுகளாகத் திறக்கும். துண்டுகள் சேரும் இடத்தில் மட்கார்டின் மேலாக மயிரிழை போன்ற கோடு ஓடும். புதுக் கிட்டாக இருந்தாலும் அது உண்டு. அதைத் தேய்க்காமல் பெயின்ட் அடித்தவரின் காரை எட்ட நின்றே அடையாளம் சொல்லிவிடலாம். கதவு இடைவெளிகளைக் கத்தியின் முதுகால் கீறி ஆழமாக்குவதும் இப்போதே. நிஜக் காரில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இங்கே 0.2 மில்லிமீட்டர்தான். இரண்டு கை பெயின்ட்டில் தூர்ந்துவிடும்.

காணாமல் போன பம்பருக்கு இரண்டு வழி. இன்னும் மோசமான ஒரு குளூ பாமை வாங்கி அதிலிருந்து கழற்றலாம். அல்லது நண்பரிடம் அதே பம்பரை இரவல் வாங்கி, சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, பாலியூரிதேன் ரெசினில் வார்க்கலாம். ரெசினை ஸ்டைரின் பசை பிடிக்காது. சூப்பர் குளூவோ எபாக்ஸியோதான்.

குரோம் பாகங்களில் இருப்பது நிஜக் குரோம் அல்ல. பிளாஸ்டிக்கின் மேல் வார்னிஷ் போன்ற ஒரு பூச்சு, அதன் மேல் வெற்றிடக் கலத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். பளபளப்பு நன்றாக இருந்தால் தொடாமல் விடுவதே புத்தி. தேய்ந்திருந்தால் துணி வெளுக்கும் ப்ளீச்சில் போடலாம், அலுமினியம் சீக்கிரமே காணாமல் போகும். அந்த ப்ளீச்சை வேறெந்தத் துப்புரவுத் திரவத்தோடும் கலக்கக் கூடாது, விஷவாயு வரும். வெறும் பாகத்தைப் பளபளக்கும் கறுப்பில் பூசி, நன்றாகக் காயவைத்து, அதன் மேல் ஆல்க்ளாட் என்ற குரோம் பெயின்ட்டை ஏர்பிரஷ்ஷால் மிக மெல்லிசாக ஊத வேண்டும். அடியில் கறுப்பு எவ்வளவு மினுங்குகிறதோ அவ்வளவுதான் மேலே குரோமும் மினுங்கும். வேலைக்கு ஆள் வைக்கலாம் என்பவர்களுக்கு, பழையபடி வெற்றிடத்தில் முலாம் பூசித் தருபவர்களும் இருக்கிறார்கள்.

பெயின்ட்டுக்கு வருவோம். கேலக்ஸிக்கு 1963-இல் ஃபோர்டு கொடுத்த நிறங்களில் ரங்கூன் ரெட் ஒன்று; நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் கிட்டின் பிளாஸ்டிக்கே சிவப்பாக இருந்து, நீங்கள் வெள்ளை அடிக்க நினைத்தால் சிக்கல். பழைய சிவப்பு பிளாஸ்டிக்கின் சாயம் வெள்ளைக்குள் ஊறி, சில நாளில் காரை இளஞ்சிவப்பாக்கிவிடும். நடுவில் வெள்ளி பெயின்ட்டோ அரக்கு கலந்த பிரைமரோ ஒரு கை அடித்துத் தடுக்க வேண்டும். பெயின்ட்டின் கனத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். மாடலில் 0.1 மில்லிமீட்டர் பூச்சு என்பது நிஜக் காரில் 2.5 மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் அப்பியதற்குச் சமம். எனவே மெல்லிசான பல பூச்சுகள். ஈரக் காற்று வீசும் நாளில் லாக்கர் அடித்தால் பால்போல வெளுத்துப்போகும், அன்று வேறு வேலை பார்க்கலாம்.

இந்தக் கட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி ஒன்று உண்டு. மட்கார்டில் எழுந்து நிற்கும் பெயர் எழுத்துகள் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெயின்ட் அடித்தபின் அவற்றுக்கு வெள்ளி பூச எந்தக் கையும் நடுங்கும். அதற்குப் பதில், கடைசி நிறத்துக்கு முன்பே எழுத்துகளின் மேல் பேர்-மெட்டல் ஃபாயில் என்ற ஒட்டும் அலுமினியத் தாளை வைத்துப் பல்குச்சியால் அழுத்திப் படியவைத்து, ஓரத்தை வெட்டிவிட வேண்டும். அப்புறம் கார் முழுக்க நிறம். முழுதாக இறுகுவதற்குள், விரலில் சுற்றிய துணியில் ஒரு துளி தின்னரைத் தொட்டு எழுத்தின் உச்சியை மட்டும் தடவினால், அங்கே பெயின்ட் விலகி அடியிலிருக்கும் உலோகம் எழுத்தாக எழும். ஜன்னல் சட்டங்களுக்கும் பக்கவாட்டுப் பட்டைகளுக்கும் அதே தாளைப் பெயின்ட்டுக்குப் பிறகு ஒட்டி, புதுப் பிளேடால் வெட்டலாம். பிளேடு மழுங்கினால் தாள் கிழியும், ஒரு காருக்கே பல பிளேடுகள் போகும்.

கண்ணாடியில் பசைக் கறை இருந்தால் நுண்ணிய வாட்டர் பேப்பரில் தேய்த்து, படிப்படியாக நுண்மையைக் கூட்டி, பாலிஷில் முடிக்கலாம். கறை ஆழமென்றால் தெளிந்த பிளாஸ்டிக் தாளில் புதிதாக வெட்டிக்கொள்வது மேல். பழைய ஸ்டிக்கர் தாள் மஞ்சளாகியிருந்தால் ஜன்னலில் வெயில் படும்படி சில நாள் ஒட்டிவைத்தால் வெளுக்கும். தண்ணீரில் போடும் முன் அதன் மேல் டெக்கல் ஃபிலிம் திரவத்தைப் பூசவில்லையென்றால் துண்டு துண்டாகப் பிரியும். உள்ளிருக்கை வேலை பெரிதில்லை. அந்தக் காலத்து ஆண்டுக் கிட்டுகளில் இருக்கை, கதவின் உள்பக்கம் எல்லாம் சேர்ந்து ஒரே தொட்டிதான். எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் ஒயர் கட்ட ஆசைப்படுபவர்கள் ஃபோர்டு எஃப்.இ. வி-8 எரியும் வரிசையைக் குறித்துக்கொள்ளலாம்: 1-5-4-2-6-3-7-8. பானட்டைத் திறந்து பார்க்கும் மாடல்காரர் முதலில் இதைத்தான் எண்ணுவார்.

கடைசியில் டயர். அன்றைய டயர்கள் ரப்பர் அல்ல, இளக்கி சேர்த்த வினைல். அந்த இளக்கி மெல்லக் கசிந்து ஸ்டைரினைத் தின்னும். பழைய பெட்டிகளில் டயர் பட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் உருகிக் குழிந்து கிடப்பது இதனால்தான். அசல் டயரையே போடுவதென்றால் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு மாட்ட வேண்டும். காட்சிப் பெட்டியின் அடித்தளமும் ஸ்டைரின் என்றால் டயருக்கு அடியில் ஒரு துண்டுக் கண்ணாடி. பெட்டியை ஜன்னலோரம் வைக்க வேண்டாம். வெயிலில் நிறம் மங்கும், கூரையும் தொய்யும்.