குளோரின் வாயுவும் ஜனங்களின் உயிரும்

குடிநீரிலுள்ள நோய்க் கிருமிகளைக் கொல்லும் பொருட்டு நகரசபைகள் குளோரினைக் கைக்கொண்டு வருகின்றன. காலராவினின்று ஜனங்களைக் காத்த பெருமை இதற்கு உண்டு. ஆயினும், 1915-ம் வருஷம் பெல்ஜியப் போர்க்களத்தில் ஜெர்மன் படையினர் விஷவாயுவாக ஏவியதும் இதனையே. காப்பதோ கொல்வதோ, கையாளுவோரின் ஜாக்கிரதையைப் பொறுத்தது.

2022-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி ஜோர்டான் தேசத்து அகபா துறைமுகத்தில், குளோரின் தொட்டியொன்றைக் கப்பலில் ஏற்றுகையில் பாரந்தூக்கியின் கயிறு அறுந்தது. தொட்டி வீழ்ந்து உடைந்தது. மஞ்சள் நிற வாயு சூழ்ந்தது. 13 பேர் மாண்டனர். தொட்டியின் பாரத்துக்கு அக்கயிறு ஏற்றதன்று என்று சர்க்கார் விசாரணை கண்டது. இதனை விதியென்று கூறுவாரும் உளரோ? தொட்டியின் பாரமும் கயிற்றின் வலிமையும் முன்னரே கணக்கிட்டு அறியக்கூடியவை. அவற்றை ஒப்பு நோக்காமை விதியன்று, அசட்டையே.

1979-ம் வருஷம் நவம்பர் 10-ந் தேதி கனடாவின் மிஸ்ஸிஸாகா நகரில் சரக்கு ரயிலொன்று தடம் புரண்டது. அச்சைத் தாங்கும் பகுதி போதிய எண்ணெயின்றிச் சூடேறியதே காரணம். குளோரின் வண்டியில் துவாரம் விழுந்து வாயு கசிந்தது. அதிகாரிகள் தாமதியாது இரண்டு லக்ஷத்துக்கு மேற்பட்ட ஜனங்களை அப்புறப்படுத்தினர். ஓர் உயிரும் போகவில்லை. அங்கும் அசட்டை நிகழ்ந்தது. ஆனால் முன்னேற்பாடு உயிர்களைக் காத்தது.

நமது தேசத்திலோ, அபாயச் சரக்கு ஏற்றும் லாரியின் டிரைவர் தனிப் பயிற்சி பெற வேண்டுமென்றும், வண்டியில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டுமென்றும் 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. விதிகளில் குறையில்லை. ஆனால் அப்பலகையிலுள்ள 1017 என்னும் எண் குளோரினைக் குறிப்பதென்று சாலையோரத்துக் குடியானவருக்கு எடுத்துரைத்தவர் யார்?

குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. தாழ்ந்த நிலத்தில் தேங்கும். ஆதலின் பள்ளத்தில் பதுங்காது, காற்றோட்டத்துக்குக் குறுக்காக விலகி மேட்டை நாட வேண்டும். கசியும் இடத்தில் தண்ணீர் ஊற்றலாகாது. அமிலம் உண்டாகி, உலோகத்தை அரித்துத் துவாரத்தைப் பெரிதாக்கும்.

இவற்றைத் தமிழில் ஊர்தோறும் சொல்வது சர்க்காரின் கடமை. நமது ஊழியர்களும் வாளாவிருத்தல் கூடாது. தத்தம் நகரசபையின் நீரேற்று நிலையத்துக்குச் சென்று, குளோரின் உருளைகள் எங்குள்ளன, முகமூடிகள் உளவா, தொழிலாளிகள் பயிற்சி பெற்றனரா என்று வினவுக. பதில் கிடைக்கும் வரை வினவுக. மாண்டபின் அளிக்கும் நஷ்ட ஈட்டினும், முன்னரே மாற்றிய ஒரு கயிறு மேலானது.