மட்டாஞ்சேரியின் பழைய படைத்துறை நிலப்படங்களும் கோட்டுச்சட்டமும்

முன்னுரை

பழைய நிலப்படத்தை இன்றைய நிலப்படத்தின்மீது இடம் பிசகாது பொருத்துதல் புவியிடப் பொருத்தம் எனப்படும். கரைமாற்றம், துறைமுக வளர்ச்சி, நகரமைப்பு ஆகியவற்றை ஆராய்வோர்க்கு இஃது இன்றியமையாதது. ஆயினும், பழைய படம் எக்கோட்டுச்சட்டத்தில் அமைந்தது என்பதை அறியாது பொருத்தினால், படத்தில் நேரும் பிழை நிலத்தில் நேர்ந்த மாற்றமாகத் தோன்றும். கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியைக் கொண்டு இவ்வுண்மையை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகைக் கோடுகள்

புவியின் வளைபரப்பைத் தட்டையான தாளில் அமைக்கும் கணித முறையே கோட்டுச்சட்டம். இந்திய நில அளவைத் துறையின் பழைய படத்தாள்கள் பல்கூம்புக் கோட்டுச்சட்டத்தில் அமைந்தவை. அவற்றின் விளிம்புகள் அட்ச, தீர்க்கக் கோடுகளாகும். படைத்துறைப் பதிப்புகளிலோ இக்கோடுகளின்மேல் கஜ அளவிலான சதுரக் கட்டவலை ஒன்றும் அச்சிடப்பட்டது. இது இலாம்பர்ட் கூம்புக் கோட்டுச்சட்டத்தைச் சார்ந்தது. கொச்சி அடங்கும் 4ஏ மண்டலத்தின் மூலப்புள்ளி 12° வட அட்சமும் 80° கிழக்குத் தீர்க்கமும் சந்திக்கும் இடமாகும். அப்புள்ளிக்குக் கிழக்களவு 30,00,000 கஜம் எனவும் வடக்களவு 10,00,000 கஜம் எனவும் மதிப்பளிக்கப்பட்டது.

பிழையின் அளவு

மட்டாஞ்சேரி ஏறத்தாழ 76°15' கிழக்குத் தீர்க்கத்தில், அதாவது மைய நெடுங்கோட்டிற்கு 3¾° மேற்கே உள்ளது. ஆதலால் கட்டவலையின் வடக்கு மெய்வடக்கிலிருந்து ஏறத்தாழ 0.78° மேற்கே சாய்ந்திருக்கும். இச்சாய்வைப் புறக்கணித்து, 15 கலை உயரமுள்ள தாளொன்றைத் தென்விளிம்பில் சரியாகப் பொருத்தினால், வடவிளிம்பில் சுமார் 370 மீட்டர் விலகல் நேரும். கஜத்தை மீட்டராகக் கொள்வது இதனினும் பெரும்பிழையாகும்.

அடுத்து, பழைய அளவைகள் 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கையின்படி வெளியான பொதுப் படங்களோ 1984ஆம் ஆண்டின் உலகப் புவியளவைத் தளத்தைச் சார்ந்தவை. இவ்விரண்டிற்கும் இடையே கொச்சிப் பகுதியில் நேரும் பெயர்ச்சி நூறு மீட்டரை மிஞ்சும். ஓர் அங்குலத்திற்கு ஒரு மைல் என்னும் அளவையில் இது தாளில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்பட்டது.

மாறாத புள்ளிகள்

மட்டாஞ்சேரிக்கு எதிரேயுள்ள வில்லிங்டன் தீவு, பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் காலத்தில், காயலைத் தூர்வாரிய மண்ணால் உருவாக்கப்பட்டது. ஆகவே காயற்கரையைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாகக் கொள்ளுதல் பொருந்தாது. அதன் மாற்றமே ஆராயப்பட வேண்டிய பொருள். 1555இல் போர்த்துக்கீசியர் கட்டிய மட்டாஞ்சேரி அரண்மனை, 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம், கொச்சிக் கோட்டைப் பகுதியிலுள்ள தூய பிரான்சிசு தேவாலயம் ஆகியன நிலைத்த புள்ளிகளாகும்.

இவற்றைக் கொண்டு பிழையின் தன்மையை மூவகையாகப் பகுத்தறியலாம். கட்டடங்களும் கரையும் ஒரே அளவில் ஒரே திசையில் விலகினால் அது அளவைத் தளப் பிழை. விலகல் தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாகப் பெருகினால் அது கோட்டுச்சட்டப் பிழை. கட்டடங்கள் பொருந்தி நிற்கக் கரை மட்டும் விலகினால் அதுவே நிலத்தின் மெய்யான மாற்றம்.

முடிவுரை

தாளின் ஓரக்குறிப்பில் உள்ள கோட்டுச்சட்டம், நீள்கோளம், மண்டலம், அளவலகு ஆகிய நான்கையும் முதற்கண் படித்தறிதல் வேண்டும். அதன் பின்னரே புள்ளிகளைப் பொருத்துதல் முறையாகும். பல புள்ளிகளைச் சேர்த்துப் படத்தை நெகிழ்த்திப் பொருத்தும் கணினி முறை பிழையைக் கண்ணுக்கு மறைக்குமேயன்றி நீக்காது. அவ்வாறு நெகிழ்த்திய படத்திலிருந்து கரை முன்னேறியது அல்லது பின்வாங்கியது எனக் கூறும் முடிவு வரலாற்றுச் சான்றாக நிலைபெறாது.