தண்ணீர்மலைப் பூங்கா

பினாங்கு என்றதும் நம் நினைவுக்கு வருவது தைப்பூசம். காவடியேந்தி 513 படிகள் ஏறும் தண்ணீர்மலையை நாம் அறிவோம். ஆனால், அம்மலைக்கு அண்மையிலுள்ள தாவரவியல் பூங்காவை நம்மில் எத்தனை பேர் கண்டு மகிழ்ந்திருக்கிறோம்?

ஜோர்ஜ் டவுன் நகரை அடுத்து, குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது இப்பூங்கா. கருங்கல் வெட்டியெடுத்த இடம், 1884-ஆம் ஆண்டு முதல், சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பாரின் உழைப்பால் சோலையாயிற்று. அங்குள்ள அருவி நகர மக்களின் தாகம் தணித்தது. 1910-இல் பூங்காவையே நீர்த்தேக்கமாக்கும் திட்டம் எழுந்தது. அது நிறைவேறாமற்போகவே, 1912-இல் பூங்கா மீண்டது. அன்று நீரில் மூழ்கியிருந்தால், இன்று நமக்கு இந்நிழல் ஏது?

சிவன் கோயில்களில் நாம் காணும் நாகலிங்க மரம் இங்கும் பூத்துக் குலுங்குகிறது. அதன் தாயகம் தென் அமெரிக்கா என்பது வியப்பன்றோ! கண்களைச் சுற்றி வெள்ளை வளையமுடைய கருங்குரங்குகளும் இங்கு வாழ்கின்றன. அவற்றின் பச்சிளங் குட்டிகளோ பொன்னிறம்!

மாணவச் செல்வங்களே, குரங்குகளுக்குத் தீனி கொடுக்கலாகாது. மனிதர் கையை நம்பிப் பழகிய குரங்கு, பின்னர்ப் பறிக்கவும் கடிக்கவும் துணியும். நாம் இரக்கமென எண்ணுவது அவற்றுக்கே தீங்காய் முடியும்.

2021-இல் யுனெஸ்கோ, இப்பூங்காவையும் உள்ளடக்கிய பினாங்கு மலைப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அடுத்த முறை முருகனை வணங்கியபின், குடும்பத்தோடு இங்கும் செல்வோம். கோயிலில் பேணும் தூய்மையைப் பூங்காவிலும் பேணுவோம்.