செப்பனிட்ட தாடையும் தேயும் மூட்டும்

"பல்லுப் போனாற் சொல்லுப் போயிற்று" என்பது நம்மவர் பழமொழி. பல்லின் அருமையை அறிந்த நாம், அப்பல்லைச் சுமக்கும் தாடையைப் பற்றியும், தாடையைத் தாங்கும் மூட்டைப் பற்றியும் அதிகம் சிந்திப்பதில்லை. காதுத் துளைக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அம்மூட்டின் அசைவு புலப்படும். கீழ்த்தாடை என்பின் உருண்ட தலை மண்டையோட்டிலுள்ள குழியொன்றிற் பொருந்தியிருக்கின்றது. இரண்டிற்கும் நடுவே நாரிழையத்தாலான மெல்லிய தட்டொன்று உண்டு. வாய் திறக்கத் தொடங்கும்போது அத்தலை சுழல்கின்றது; மேலும் திறக்கும்போது தட்டுடன் முன்னோக்கி வழுக்குகின்றது. ஒரே என்பின் இரு முனைகளாதலின், ஒரு புற மூட்டு அசைய மறுபுற மூட்டும் அசைந்தே தீரும்.

சிலருக்குக் கீழ்த்தாடை பின்னடைந்து வளர்கின்றது. அதனால் உணவை மெல்லுதலும் பேசுதலும் இடர்ப்படும். சிலருக்கு உறக்கத்தில் மூச்சும் தடைப்படும். பற்களுக்குக் கம்பியிட்டுச் சீராக்குவதால் மாத்திரம் இக்குறை தீராதவிடத்து, தாடை என்பையே அறுத்து உரிய இடத்திற் பொருத்துவர். இத்தகைய முயற்சிகளுள் முற்பட்டதென அறியப்படுவது, சைமன் ஹலிஹென் என்னும் அமெரிக்க வைத்தியர் தீக்காயத்தால் தாடை உருக்குலைந்த இளம் பெண்ணொருத்திக்குச் செய்து 1849 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிகிச்சையாகும். இன்று உலகெங்கும் கையாளப்படும் பிளவுமுறையை ஒஸ்திரிய நாட்டவரான ஹியூகோ ஒப்வேகேசர் வகுத்தார். அவரும் அவருடைய ஆசிரியர் ரிச்சர்ட் திறவுனரும் அதனை 1957 இல் ஆங்கிலத்தில் விளக்கியபின் அது எங்கும் பரவலாயிற்று. அறுத்த என்பு தைத்தானியத் தகடுகளாலும் திருகாணிகளாலும் இணைக்கப்பட்டு நாளடைவிற் கூடிவிடுகின்றது. பெரும்பாலோர் நலமுற்றுச் செல்கின்றனர்.

எனினும், ஒரு சிலரிடத்து வேறொரு மாற்றம் நிகழ்கின்றது. அறுத்த இடம் செவ்வனே கூடியிருக்க, கத்தி படாத மூட்டுத் தலை மெல்ல மெல்லக் கரைந்து சிறுக்கின்றது. அறுவையைத் தொடர்ந்த சில வாரங்களுக்குள் தாடை சற்றுப் பின்வாங்கினால், இணைப்பு நெகிழ்ந்ததே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும். மூட்டுத் தேய்வோ அவ்வளவு விரைவில் வெளிப்படுவதன்று. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக் காலத்துள் அது தலைகாட்டும். தலை குறுகவே கீழ்த்தாடை பின்னே சரிகின்றது, மோவாய் உள்வாங்குகின்றது, கடைவாய்ப் பற்கள் மாத்திரம் ஒன்றையொன்று தொட, முன்பற்களுக்கிடையே வெளி தோன்றுகின்றது. ஒரு புறம் மாத்திரம் தேயுமாயின் மோவாய் அப்பக்கம் கோணும். பலருக்கு நோவு சிறிதேனும் இருப்பதில்லை. ஆதலாலேயே இது காலந்தாழ்த்தி அறியப்படுகின்றது.

இதன் காரணத்தைச் சுருங்கக் கூறின், மூட்டின் தாங்குதிறனுக்கு மேற்பட்ட சுமை என்னலாம். நம் உடலிலுள்ள என்பு ஓயாது கரைந்தும் புதிதாய் உருவாகியும் வருவது. தாடையை முன்னே நகர்த்தும்போது தசைகளும் தோலும் இழுபட்டு, அதனைப் பின்னோக்கி ஈர்க்கின்றன. அந்த அழுத்தம் மூட்டுத் தலையின்மேல் விழுகின்றது. நலமான மூட்டு அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வலிகுன்றிய மூட்டிலோ, கரைதல் உருவாதலை விஞ்சிவிடுகின்றது. பதினைந்து முதல் முப்பத்தைந்து வயது வரையுள்ள பெண்களே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர். ஈஸ்ரோஜன் என்னும் ஓமோனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நீண்ட முகமும் பின்னடைந்த சிறு தாடையும் உடையோர், மூட்டுவாதம் உடையோர், தட்டு இடம் பெயர்ந்தோர், தாடை அதிக தூரம் முன்னே நகர்த்தப்பட்டோர் ஆகியோருக்கும் அபாயம் கூடுதலாகும். ஆகவே, எவருக்கு இச்சிகிச்சை பெரிதும் வேண்டப்படுகின்றதோ அவரிடமே இவ்வபாயமும் மிகுந்திருக்கக் காண்கின்றோம்.

இவ்வாறு நேர்ந்த பெண்ணை நோக்கி, "கடினமானதைக் கடித்தாய், சொன்னபடி கேட்கவில்லை" என்று வீட்டார் கடிந்துகொள்ளல் தகாது. இருமுறை முகம் மாறியதைக் கண்ணாடியிற் கண்டவளுக்கு அச்சொல் பெருஞ்சுமையாகும். வைத்தியரின் கைப்பிழை என்று உடனே முடிவு கட்டுவதும் பொருந்தாது. அறுவை செவ்வனே நடந்தவரிடத்தும், அறுவையே செய்யாத இளம் பெண்களிடத்தும்கூட இத்தேய்வு காணப்படுவதுண்டு.

செய்யத்தக்கவை சில உள. சிகிச்சைக்கு முன்னரே மூட்டின் நிலையைப் பரிசோதித்தார்களா என்று வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். மூட்டில் ஒலி, நோவு, இறுக்கம் இருப்பினும், குடும்பத்தில் மூட்டுவாதம் இருப்பினும் அவற்றை மறையாது கூறல் வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்றே படங்களைப் பேணி வைத்தல் நன்று. ஓராண்டு கழிந்தபின் பல் பொருந்தும் விதம் மாறுமாயின், பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட்டே உண்மை அறியப்படும். முப்பரிமாணப் படங்களும், கதிரியக்கத் தெக்னீசியத்தைக் கொண்டு எடுக்கும் என்புப் படமும் தேய்வு இன்னும் நடைபெறுகின்றதா என்பதை அறிய உதவுகின்றன.

தேய்வு நடைபெறும் வேளையில் அவசரப்பட்டு மீண்டும் தாடையை அறுத்தால் பழைய நிலை திரும்பக்கூடும். ஆதலால் மென்மையான உணவு, சுமையைக் குறைக்கும் பல்லுறை, மூட்டுவாதம் உண்டாயின் அதற்குரிய மருந்து என்பவற்றோடு, தேய்வு அடங்கும்வரை பொறுத்திருக்குமாறு பல நிபுணர்கள் கூறுவர். சிலர் இடம் பெயர்ந்த தட்டை மீளப் பொருத்துவர். மூட்டு பெரிதும் அழிந்துவிடின், விலா என்பை அதன் கசியிழையத்தோடு எடுத்துப் பொருத்துதலும், உலோகத்தாலும் பிளாஸ்திக்காலுமான செயற்கை மூட்டு அமைத்தலும் இன்று இயல்வனவாகும்.

இச்சிகிச்சையை நாடுவோர் அஞ்சி ஒதுங்குதல் வேண்டியதில்லை. தையல் ஆறி வீக்கம் வடிந்தவுடன் எல்லாம் முடிந்ததென எண்ணாது, இரண்டு ஆண்டுகளேனும் வைத்தியர் குறித்த நாட்களில் தவறாது சென்று காட்டுதல் வேண்டும். நோவில்லை என்பதற்காக ஒரு தவணையையேனும் தவறவிடலாகாது.