பறவைக்கும் ஒரு பாலம்

பேத்தியைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்திருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “கடை கடையாக ஏறி இறங்கிச் சலித்துவிட்டது. ஊருக்குள்ளேயே காடு இருக்கிறது, நடந்துவிட்டு வாருங்கள் என்கிறார் மாப்பிள்ளை. பூங்காவைத்தான் காடு என்கிறாரோ?”

இல்லையம்மா, மாப்பிள்ளை சொல்வது சரி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்கும் விரைவுச்சாலைகளுக்கும் நடுவே, தீவின் மையத்தில், 2,000 ஹெக்டேருக்கு மேல் மழைக்காடு கிடக்கிறது. அதற்குள் கிளை பிரிந்து ஓடும் மண்பாதைகளில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி வருவது மட்டுமே ஏறக்குறைய 11 கிலோமீட்டர். மேற்கே புக்கிட் தீமா குன்று. உயரம் 163 மீட்டர்தான்; ஆனால் இந்த ஊரில் அதற்குமேல் உயரமான குன்று கிடையாது. மலாயா ரயில் 2011இல் ஓட்டத்தை நிறுத்திய பிறகு அந்தத் தடமும் 24 கிலோமீட்டர் நடைபாதையாகிவிட்டது. அதுவும் இந்தக் குன்றின் ஓரமாகத்தான் போகிறது.

இத்தனை நெருக்கடியான ஊரில் காடு எப்படித் தப்பியது? 19ஆம் நூற்றாண்டில் காம்பியரும் மிளகும் பயிரிட்டவர்கள் தீவை அநேகமாக மொட்டையடித்துவிட்டார்கள். காம்பியர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுக்க விறகு வேண்டும். விறகுக்குப் பக்கத்துக் காடு. மண் சத்திழந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சநஞ்சம் மிஞ்சியதற்குக் குடிதண்ணீருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1868இல் கட்டிமுடித்த மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கு மழைநீர் சுத்தமாக வந்துசேர வேண்டுமானால் சுற்றியுள்ள சரிவுகளில் மரம் நின்றாக வேண்டும். அதற்கு முன் மரவெட்டு நடந்த மும்முரத்துக்கு ஒரு சாட்சி உண்டு: புக்கிட் தீமாவில் 1854இல் தங்கிய இயற்கையியலாளர் வாலஸ், இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். சீன மரவெட்டிகள் சாய்த்துப்போட்ட மரங்களுக்கும் அறுத்த தூளுக்கும் வந்து மொய்த்த வண்டுகள் அவை. காடு அழிந்ததுதான் அவருக்கு அறுவடை என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

நடக்கும்போது பிரம்பைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்தில் நம் உள்ளங்கைக்குப் பழக்கமான அதே பிரம்பு, இங்கே உயிரோடு மரமேறிக்கொண்டிருக்கிறது. மெல்லிய சாட்டையாக நீண்டு தொங்கும், அதில் பின்னோக்கி வளைந்த முட்கள். சட்டையில் மாட்டினால் இழுக்காதீர்கள், கிழியும். ஓரடி பின்னால் வாருங்கள், அதுவே விட்டுவிடும்.

இவ்வளவும் யாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்த விஷயம் நாம் நடக்கவே முடியாத ஓரிடத்தில் இருக்கிறது.

புக்கிட் தீமாவும் நடுக்காடும் முன்பு ஒரே காடு. 1980களில் போட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை அதை இரண்டாக வகுந்துவிட்டது. குன்றின் பக்கம் ஒதுங்கியது வெறும் 163 ஹெக்டேர். ஆறு தடத்தில் வண்டிகள் பறக்கும் சாலையைக் கடக்கப்போன அழுங்குகள் அடிபட்டுச் செத்தன. போகாதவை சிறு கூட்டமாக உள்ளுக்குள்ளேயே கலந்து தலைமுறைக்குத் தலைமுறை நலிவடையும் நிலை. ஆகவே 2013இல் சாலைக்கு மேலே விலங்குகளுக்கென்றே ஒரு பாலம் கட்டினார்கள். நீளம் 62 மீட்டர். இரு முனையிலும் அகன்று, இடுப்பில் குறுகுகிறது. குறுகிய இடத்திலேயே 50 மீட்டர் அகலம். மேலே மண் நிரப்பி உள்ளூர் மரங்களையும் புதர்களையும் நட்டார்கள். விளிம்பில் அடர்த்தியாக மரம் வைத்தது கீழிருந்து வரும் வெளிச்சத்தையும் இரைச்சலையும் தடுக்க. அழுங்கும் சருகுமானும் கேமராவில் பதிவாகின. சரி, அவை நடக்கும் பிராணிகள். மரகதப்புறாவும் அந்தப் பாலத்துக்கு வந்ததுதான் வேடிக்கை. ஆமாம், நம் தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான அதேதான்.

சிறகுள்ள பறவைக்குப் பாலம் எதற்கு? எங்கள் ஊர் நடுவே நான்குவழிச் சாலை வந்தபோது, எதிர்ச்சாரியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போவதை என் அப்பாயி நிறுத்திவிட்டாள். காலில் ஒரு குறையும் இல்லை. அந்த வெட்டவெளியும் அந்த வேகமும் அவளுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மரகதப்புறா மரநிழலில் தரையில் உதிர்ந்த பழமும் விதையும் பொறுக்கும், தாழப் பறக்கும். மழைக்காட்டின் அடித்தட்டில் வாழும் இப்படிப்பட்ட பறவைகள் பல, நிழலை விட்டு வெளியே வரத் தயங்கும். முப்பது நாற்பது மீட்டர் தார்ச்சாலை அவற்றுக்குக் கடல். பழந்தின்னிகள் அக்கரைக்குப் போகாவிட்டால் அவற்றின் வயிற்றில் பயணம் செய்யும் விதைகளும் போகாது. ஒரு சாலை மரங்களையும் இப்படித்தான் பிரித்துவைக்கிறது.

அந்தப் பாலத்தில் ஏறிப் படமெடுக்க விடவில்லையே என்று குறைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதற்கு? நமக்கு மெக்ரிட்சி காட்டில் 2004இலிருந்து 250 மீட்டர் நீளத் தொங்குபாலம் இருக்கிறது, காட்டுத்தரையிலிருந்து 25 மீட்டர் உயரம்வரை. போதாதா? பாதையிலும் நம் சேட்டைக்குக் குறைவில்லை. மழை பெய்து சேறானால் செருப்பு அழுக்காகாமல் இருக்க ஓரமாக ஒதுங்கி நடக்கிறோம். அடுத்தவர் அதற்கும் ஓரமாக. ஒற்றையடிப்பாதை அகன்றுகொண்டே போகிறது, வேர் வெளியே தெரிகிறது, மிதிபட்டு இறுகிய மண்ணில் கன்று முளைப்பதில்லை. கூட்டம் மிதித்து மிதித்துச் சரிவுகள் அரித்துப்போய்த்தான் புக்கிட் தீமா பாதைகளை 2014 முதல் 2016 வரை பெரும்பாலும் மூடிச் செப்பனிட்டார்கள். சேற்றில் மிதியுங்கள், கழுவிக்கொள்ளலாம். கைப்பேசிப் பாட்டை மற்றவர் காதுக்கும் ஊட்டுகிற அன்பர்களைப் பற்றி எழுதினால் என் ரத்த அழுத்தம் ஏறும்.

வாசகிக்கு வழி: வீனஸ் டிரைவ் பக்கமிருந்து நுழைந்தால் தொங்குபாலம் கிட்டம். காலையிலேயே போய்விடுங்கள். திங்கட்கிழமை பாலம் மூடியிருக்கும். அது ஒருவழிப் பாதை, பாதியில் திரும்ப முடியாது. முழங்கால் வலி இருந்தால் யோசித்து ஏறுங்கள், பாலத்தைத் தாண்டியதும் படிக்கட்டும் உண்டு. குரங்குக்கு எதையும் நீட்டாதீர்கள். 2020 முதல் எந்தக் காட்டுயிருக்குத் தீனி போட்டாலும் குற்றம், அபராதம் வெள்ளியில் ஆயிரக்கணக்கில் போகும். தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் நீங்கள் நீட்டவேண்டிய அவசியமும் இருக்காது, அவையே வாங்கிக்கொள்ளும். மூடிய முதுகுப்பை நல்லது. தண்ணீர் இரண்டு போத்தல்.