மேகத்துக்குள் போனால் பாதை எப்படித் தெரியும்?

(நமது கலூர் நிருபர்)

கலூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் தென்காசி அண்ணாச்சி ஒருவரின் மகன், பிளஸ் டூ முடித்துவிட்டு விமானம் ஓட்டத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கடனோ உடனோ வாங்கிப் படிக்க வைக்கலாமா என்று யோசனை கேட்க அண்ணாச்சி நம்மிடம் வந்தார். ஆனால் பணப் பேச்சை எடுக்கும் முன்பு அவர் கேட்டது வேறு.

"மழைக்காலத்துல இங்க எதிர்த்த கட்டடமே தெரிய மாட்டேங்குது. மேல மேகத்துக்குள்ள போயிட்டா அவனுக்குப் பாதை எப்படித் தெரியும், தம்பி?"

தெரியாது என்பதுதான் பதில். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அது கூடப் பெரிய ஆபத்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத நேரத்தில், "எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன் கேள்" என்று உடம்பு முன்வருகிறதே, அதுதான் ஆபத்து. அந்தப் பேச்சைக் கேட்காமல் கருவிகளைப் பார்த்து ஓட்டுவதைத் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். இன்ஸ்ட்ருமெண்ட் பறத்தல் என்று அதற்குப் பெயர். மகனைப் படிக்க வைக்கப் போகிறவருக்கும், வளைகுடாவிலிருந்து வருகிற மச்சானுக்காக நெடும்பாசேரியில் விடிய விடியக் காத்திருப்பவருக்கும் அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

காது செய்யும் மோசடி

எர்ணாகுளம் நார்த் ஸ்டேஷனில் நமது வண்டி நிற்கிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் வண்டி மெல்ல நகர்கிறது. ஒரு நொடி நமது வண்டிதான் கிளம்பிவிட்டது என்று நினைத்துக் கம்பியைப் பிடிப்போம். பிளாட்பாரத் தூணைப் பார்த்ததும் உண்மை விளங்கிவிடும். ரயிலில் நம்மை ஏமாற்றியது கண். திருத்தியதும் கண்தான். மேகத்துக்குள் தூண் கிடையாது. அங்கே ஏமாற்றுவது காது.

நமது உட்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது குழாய் திரும்புகிறது. உள்ளே இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் "திரும்புகிறோம்" என்று மூளை அறிகிறது. தரையில் நடமாடுவதற்கு இது தாராளமாகப் போதும். விமானம் ஒரே சீராக வளைந்துகொண்டே போனால் சுமார் 20 விநாடியில் திரவமும் குழாயோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். பிறகு வித்தியாசம் ஏது? நேராகப் போவதாகவே தோன்றும். அந்த நிலையில் விமானத்தை உண்மையிலேயே நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதாக உடம்பு கூச்சல் போடும். அதைக் கேட்டு மறுபடி பழைய சாய்மானத்துக்கே கொண்டுபோய்விடுவான் புது விமானி. மிக மெதுவான சாய்வென்றால் தொடக்கத்திலேயே காதுக்கு எட்டாது.

சாய்ந்த விமானம் உயரத்தை இழக்கும். உயரமானியின் முள் இறங்குவதைப் பார்த்ததும், சாய்வை நிமிர்த்தாமல் மூக்கை மட்டும் மேலே இழுப்பான். அப்போது வளைவு இறுகும். இன்னும் வேகமாகக் கீழே போகும். ஆங்கிலத்தில் இதற்குச் சுடுகாட்டுச் சுழல் என்ற பொருளில் ஒரு பெயர் இருக்கிறது.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாதபடி மறைத்து விமானத்தை ஓட்டச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக ஒருவர் தாக்குப்பிடித்தது 178 விநாடி. மூன்று நிமிடம் கூட இல்லை! உள்ளே பயிற்சியாளர் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

குன்னூர் தண்டவாளத்துக்கு மேலே

பயிற்சி இல்லாதவனுக்குத்தானே இந்த ஆபத்து என்று சொல்லி விட்டுவிட முடியாது. நம்மூர்ப் பக்கத்திலேயே நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

2021 டிசம்பர் 8. கோவைக்கு அருகே சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து பகல் 11-48 மணிக்கு எம்.ஐ.17 ரக ஹெலிகாப்டர் ஒன்று கிளம்பியது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவரது மனைவியும் உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். வெல்லிங்டன் ராணுவக் கல்லூரிக்கு 12-15-க்குப் போய்ச் சேரவேண்டும். சுமார் 12-08-க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே காட்டேரிப் பக்கம், நஞ்சப்பசத்திரம் என்ற சிற்றூரை ஒட்டி மரங்களில் மோதி எரிந்து விழுந்தது. அவ்வூர் மக்கள் கம்பளிகளையே தூக்குப் படுக்கையாக்கிக் காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கும் டிசம்பர் 15 அன்று பெங்களூரில் காலமானார். இறந்தவர்களில் திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த விமானப்படை வீரர் பிரதீப்பும் ஒருவர். அந்த வாரம் இங்கே எல்லா டீக்கடைகளிலும் இதே பேச்சு.

சுற்றுலா வந்தவர்கள் மலை ரயில் பாதையில் நின்றபடி செல்போனில் எடுத்த சில விநாடிப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டர் வருகிறது, பனி மூட்டத்துக்குள் நுழைகிறது, காணவில்லை. பிறகு சத்தம் மட்டும். தண்டவாளத்தை அடையாளமாக வைத்துத் தாழப் பறந்ததாக அப்போது செய்தி வெளியானது. ரயில்வேயில் சோறு தின்னும் எனக்கு அந்த ஒரு வரி மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஆதி காலத்துத் தபால் விமானிகளும் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள். கண்ணில் படும் வரைக்கும்தானே தண்டவாளம் வழிகாட்டும்?

முப்படை விசாரணைக் குழு கண்டதை 2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது; விமானிக்குத் திசையும் நிலையும் பற்றிய உணர்வு தடுமாறியது; கட்டுப்பாட்டில் இருக்கும்போதே நிலத்தில் மோதியது. பின்னர் 2024-ல் நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கை இதை மனிதப் பிழை என்ற இனத்தில் சேர்த்தது. பிழை என்ற சொல் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. ஓட்டியவர் அனுபவசாலி. காதுக்குள் இருக்கும் திரவத்துக்கு அனுபவம் தெரியாது.

ஆறு கடிகாரங்கள்

மேகத்துக்குள் கண் பார்க்கவேண்டியது பலகையை. பழைய பயிற்சி விமானங்களில் முக்கியமான கருவிகள் ஆறு, கடிகாரம் போல வட்டமாக இருக்கும். வேகம், உயரம், ஏறுகிற இறங்குகிற அளவு, திசை, திரும்பும் அளவு ஆகியவற்றை ஐந்து காட்டும். நடுவே இருக்கும் ஆறாவதுதான் எல்லாவற்றுக்கும் மேலானது. செயற்கை அடிவானம் என்று சொல்லலாம். உள்ளே வேகமாகச் சுற்றும் பம்பரம் ஒன்று நிலை மாறாமல் நிற்க, விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சிறு படமாகவே காட்டிவிடும். 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே ஜிம்மி டூலிட்டில் என்பவர், தன்னைச் சுற்றி முழுக்கத் திரைபோட்டு மூடிக்கொண்டு, இப்படிப்பட்ட கருவிகளை மட்டும் நம்பி ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டினார். அதற்கு முன்பு மேகத்துக்குள் பறப்பது துணிச்சல் வேலையாக இருந்தது. இப்போது புது விமானங்களில் ஆறும் ஒரே திரைக்குள் வந்துவிட்டன. பார்க்கவேண்டிய முறை மாறவில்லை.

அந்த முறை என்ன? செயற்கை அடிவானத்தைப் பார், உயரத்தைப் பார், திரும்பி அடிவானத்துக்கே வா, திசையைப் பார், மறுபடி அடிவானம். எந்த ஒன்றிலும் கண்ணைப் பதியவைக்கக் கூடாது. ஒரு முள் ஆடுகிறதே என்று அதையே முறைத்துக்கொண்டிருந்தால் அதற்குள் மற்ற ஐந்தும் கைமீறிப் போய்விடும்.

உயரமானியில் இன்னொரு சங்கதி. அது அளப்பது உயரத்தை அல்ல, காற்றழுத்தத்தை. அழுத்தம் நாளுக்கு நாள் மாறும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். இறங்கும் நிலையத்தார் சொல்லும் அழுத்த எண்ணைக் கருவியில் வைத்தால்தான் சரியான உயரம் காட்டும். ஒரு மில்லிபார் தவறினால் சுமார் 30 அடி தவறும். பத்துத் தவறினால் 300 அடி. முள் 300 காட்டும்போது சக்கரம் தரையைத் தொட்டிருக்கும்.

ஒன்றை மட்டும் நம்பாதே

கருவியை நம்பு என்று சொல்லிவிட்டோம். கருவியே கெட்டுப்போனால்?

1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்கு ஏர் இந்தியாவின் "எம்பரர் அசோகா" ஜம்போ விமானம் கிளம்பியது. கடலுக்கு மேல் இருட்டு, அடிவானம் தெரியாது. கேப்டனுக்கு முன்னால் இருந்த செயற்கை அடிவானம் பழுதாகி, வலப்பக்கம் சாய்ந்தே இருப்பதாகக் காட்டியது. அதைச் சரிசெய்வதாக எண்ணி இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். மாற்றுக்கென்று மூன்றாவது கருவி ஒன்று பலகையில் இருந்தது. பழுதான கருவியை நம்பாதீர்கள் என்ற பொருளில் ஃபிளைட் இன்ஜினீயர் எச்சரித்தது ஒலிப்பதிவில் இருக்கிறது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. கிளம்பி இரண்டு நிமிடத்துக்குள் விமானம் கடலில் விழுந்தது. 213 பேரும் மாண்டார்கள்.

நமது ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷன் வண்டியை எட்டிப் பார்ப்பதில்லை. பிளாக் கருவியின் முள்ளைத்தான் பார்க்கிறார். ஆனாலும் அந்த ஸ்டேஷனோடு போனில் பேசி பிரைவேட் நம்பர் வாங்கி எழுதிக்கொள்கிறார். முள்ளும் நம்பரும் ஒத்துப்போனால்தான் காரியம். விமானியும் அப்படித்தான். அடிவானக் கருவி சாய்ந்திருக்கிறேன் என்கிறதா? திசைகாட்டி திரும்பவேண்டும், திருப்பமானியும் அதையே சொல்லவேண்டும். மற்றவை அசையாமல் இருக்க ஒன்று மட்டும் சாய்ந்தால், பொய் சொல்வது அந்த ஒன்று.

இறங்காமல் போவதும் படிப்பே

இறங்குவதற்கு, ஓடுபாதையிலிருந்து இரண்டு ரேடியோ கற்றைகள் மேலே அனுப்பப்படுகின்றன. ஒன்று இடம் வலம் சொல்லும். மற்றது சுமார் மூன்று டிகிரி சரிவில் உயரம் சொல்லும். இரண்டும் சேரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு வரலாம். ஆனால் சாதாரண வகையில் தரைக்கு 200 அடி உயரம் வரைதான். அங்கே ஓடுபாதையோ அதன் விளக்கோ கண்ணில் படாவிட்டால், பட்டுவிடும் பட்டுவிடும் என்று இறங்கிக்கொண்டே போகக்கூடாது. மறுபடி மேலே ஏறிவிட வேண்டும்.

அப்படி விமானம் ஏறிப்போகும்போது "இவனுக்கு இறக்கத் தெரியலை" என்று நம்மவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். தெரிந்ததால்தான் ஏறுகிறான்.

எத்தனை முறை முயலலாம், எப்போது வேறு ஊருக்குத் திரும்பவேண்டும் என்பது எரிபொருள் கணக்கு. போகும் ஊருக்கு, அது மூடியிருந்தால் மாற்று ஊருக்கு, அதற்கும் மேல் அரைமணி நேரத்துக்கு என்று வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். 2015 ஆகஸ்ட் 18 விடியற்காலையில் தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம் இந்தக் கணக்கின் விளிம்பு வரை போய் வந்தது. நெடும்பாசேரியில் ஓடுபாதை தெரியாமல் மூன்று முறை ஏறிப்போனது. பிறகு திருவனந்தபுரம். அங்கேயும் மூன்று முறை முடியவில்லை. ஏழாவது முயற்சியில், ஏறக்குறைய குருட்டாம்போக்கில், தரையைத் தொட்டது. மிச்சமிருந்த எண்ணெய் 350 கிலோவுக்கும் குறைவு. அந்த ரக விமானத்துக்குப் பத்து நிமிடம் காணாது. யாருக்கும் கீறல் இல்லை. திட்டத்தில் இருந்த மாற்று ஊர் பெங்களூர். அங்கே போகும் அளவுக்கு எண்ணெய் இருந்தபோதே கொச்சியை விட்டுக் கிளம்பியிருந்தால், அது செய்தியாகவே ஆகியிருக்காது.

குன்னூரையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், மேகத்துக்குள் எப்படி ஓட்டுவது என்பதை விட, மேகம் எதிரே தெரியும்போதே திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் கடினமான பாடம் என்று படுகிறது. கீழே பெரியவர்கள் காத்திருக்கிறார்கள், பயணிகள் கோபிப்பார்கள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் தலையில் ஏறி உட்காரும். அதைக் காட்டுவதற்குப் பலகையில் முள் கிடையாது.

அண்ணாச்சியிடம் இவ்வளவும் சொல்லி முடிக்க, அவர் மூன்று சட்டைகளைத் தேய்த்து மடித்துவிட்டார். படிப்பு விவரத்தையும் சொன்னேன். பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்கவேண்டும். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கவேண்டும். கருவிப் பறத்தலுக்கான தகுதி தனி: 40 மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியிருக்கவேண்டும், அதில் 20 மணிக்கு மேல் சிமுலேட்டரில் கழிக்க முடியாது. பயிற்சியின்போது, பலகை மட்டும் தெரியும்படி, குதிரைக்குக் கட்டுவது போல ஒரு மறைப்பைத் தலையில் மாட்டிவிடுவார்கள். பக்கத்தில் ஆசிரியர் இருப்பார்.

பள்ளிக்குப் பணம் கட்டும் முன்பு, சிவில் விமானத்துறை அங்கீகரித்த டாக்டரிடம் மருத்துவச் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள் என்றேன். கண்ணோ காதோ தேறாது என்று பாதிக் கடன் செலவான பிறகு தெரிந்து என்ன பயன்?

"காதைச் சோதிப்பாங்களா? நீங்க சொல்றதைப் பாத்தா நல்ல காதும் பொய்தானே சொல்லும்?" என்றார் அண்ணாச்சி.

"ஆமாம், அண்ணாச்சி. நல்ல காதுதான் பொய் சொல்லும்."

அவர் கரியை ஊதிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். பையனைத் திங்கட்கிழமை கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.