பிறர்மதிப்பீட்டு நோக்கில் புதுச்சேரிப் பாரதி: நினைவுநூல்களின் சான்றுமதிப்பு

ஒருவரது ஆளுமையை அளக்க உளவியலார் பெரிதும் கையாள்வது தன்மதிப்பீட்டு வினாநிரலே. அதே வினாக்களை அவருடைய மனைவி, மகள், நண்பர் முதலியோரிடம் கேட்டு விடைபெறுவது பிறர்மதிப்பீடு எனப்படும். கோஸ்டா, மெக்ரே உருவாக்கிய ஐங்காரணி ஆளுமைக் கருவியில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் படிவங்கள் உள்ளன. பதற்றம் போன்ற அகநிலைகளை அவரவரே நன்கறிவர் என்றும், அறிவுத்திறன், படைப்பாற்றல் போல உயர்வு தாழ்வு கற்பிக்கப்பெறும் பண்புகளை நெருங்கிய நண்பரே சரியாக உரைப்பர் என்றும் சிமின் வசீர் 2010இல் வாதிட்டார்.

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியைப் பற்றி, அவரோடு பழகியோர் எழுதிய நூல்கள் பல உள்ளன. செல்லம்மா, வ.ரா., மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் ஆகியோர் வெவ்வேறு தொலைவில் நின்று அவரைக் கண்டவர்கள். இவை வினாநிரல்கள் அல்ல. எனினும் பிறர்மதிப்பீட்டின் சிக்கல்கள் அனைத்தும் இவற்றுள் உண்டு.

சமையலுக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதி சிட்டுக்குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சி பலரும் அறிந்தது. அடுப்பின்முன் நிற்பவருக்கு அது பொறுப்பின்மை. திண்ணையில் அமர்ந்திருக்கும் சீடருக்கு அருளுடைமை. செயல் ஒன்றே, அதிலிருந்து வருவிக்கப்படும் பண்பு, காண்பவர் ஏற்ற இழப்பைப் பொறுத்து மாறுகிறது. நண்பர்களை மட்டுமே வினவும் ஆய்வு மதிப்பீட்டை உயர்த்திவிடும் என்பதும் இதனாலேயே. (பாரதியைக் கண்காணித்த காவல்துறை ஒற்றர்களும் ஒருவகை மதிப்பீட்டாளரே! அவர்கள் அன்றைக்கன்று எழுதினர்; ஆனால் போக்குவரவை மட்டுமே கண்டனர்.)

தந்தையின் வீழ்ச்சி, விருப்பமில்லா ஆங்கிலக் கல்வி ஆகியன தந்த துயரைப் பாரதியே 1910இல் வெளிவந்த ‘கனவு’ என்னும் தன்வரலாற்றுக் கவிதையில் உரைத்தார். இத்தகைய அகத்துயருக்குத் தன்கூற்றே முதற்சான்று. அவருடைய கவித்திறனுக்கோ பிறர்கூற்றே வலிமையுடையது.

காலமும் கருதத்தக்கது. நினைவுநூல்கள் 1921இல் அவர் மறைந்தபின், புகழ் வளர்ந்துவந்த நாள்களில் உருவானவை; யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’ 1954இல் வெளிவந்தது. சிறுமியாகக் கண்டதை அவர் பின்னாளில் பதிவுசெய்தார். இரு நூல்களில் ஒரே நிகழ்ச்சி வருவதால் மட்டும் இரு சான்றுகள் ஆகிவிடா. பின்னவர் முன்னவரைப் படித்திருந்தால் சான்று ஒன்றே. செல்லம்மா பெயரில் அமைந்த ‘பாரதியார் சரித்திரம்’ அவர் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதியது. அதனை மனைவியின் மதிப்பீடாக மட்டும் கொள்ளாமல், மகளின் கை எங்கெங்கே படிந்துள்ளது என்பதைச் செல்லம்மாவின் 1951ஆம் ஆண்டுத் திருச்சி வானொலி உரையோடு ஒப்பிட்டுக் காணலாம்.